யார் கொடுத்த பழந்துணி?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைத் தெருக்களில் பழைய பட்டுப்புடவை வாங்க எப்போதும் ஆள் உண்டு. கிழிந்திருந்தாலும் கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை, ஜரிகை அசலாக இருந்தால் போதும். வாங்க வந்தவர் கரையில் ஓர் இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். எடை பார்ப்பார், விலை சொல்வார். கொஞ்சம் பேரம், பிறகு பணம். விற்றவருக்கும் கூச்சம் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. இதே காவிரி டெல்டாவின் கடலோரத்தில், 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், பழந்துணி வேறொரு முகம் காட்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வீடும் வலையும் படகும் போய், உடுத்திய துணியோடு நின்ற குடும்பங்களுக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மாற்றுத்துணி இல்லாத நிலையிலும் மீனவக் குடும்பங்கள் பல அதைத் தொட மறுத்தன. துணி சாலையோரங்களில் மலையாகக் குவிந்து குப்பையானது. நிவாரண வேலையைப் பார்த்த அரசுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அந்தக் குவியலை அகற்றுவதே தனியொரு வேலையாயிற்று.

இரண்டு இடத்திலும் துணி பழையதுதான். ஓரிடத்தில் விலை போகிறது, இன்னோரிடத்தில் இலவசமாகவும் போகவில்லை. இதற்கு வழக்கமாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படும். பழந்துணியை உடுத்துவது வறுமையின் கட்டாயம், வசதி வந்தால் யாரும் விட்டுவிடுவார்கள் என்பது ஒன்று. பிறர் உடுத்தியதை உடுத்த அருவருப்பு, அதாவது சுகாதாரம், என்பது இரண்டாவது. நாகரிகம் மாறிவிட்டது, பழைய பாணியை யார் விரும்புவார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் காவிரிப் படுகையின் நடைமுறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மூன்றும் சேர்ந்தாலும் போதவில்லை. இங்கே பழந்துணியின் மதிப்பைத் தீர்மானிப்பது அதன் வயதைவிட, அது கைமாறும் முறை. உறவுக்குள்ளோ, விலைக்கோ, தெய்வத்தின் வழியாகவோ, வெட்டித் தைத்து உருமாறியோ வந்தால் ஏற்கப்படுகிறது. மேலிருந்து கீழே, கொடையாக, இருந்தது இருந்தபடியே வந்தால் மறுக்கப்படுகிறது. பெருநகரங்களில் இன்று பேசப்படும் மறுபயன்பாட்டு ஆடை இயக்கம் இந்த நெல் நாட்டில் வேர்பிடிக்க வேண்டுமானால், இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க முடியும்.

முதலில் உறவுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்கு இங்கே புதுத்துணி உடுத்துவதில்லை. பல முறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். தூளிக்கு அம்மாவின் அல்லது பாட்டியின் நூல் புடவை. அக்காளின் பாவாடை தங்கைக்கு வரும், அம்மாவின் பட்டு மகளுக்குப் பாவாடை சட்டையாகும். உடுப்பாக ஓய்ந்த துணிக்கும் வேலை காத்திருக்கும். வேட்டி விளக்குத் திரியாகும், அடுப்படியில் கரித்துணியாகும், மாடியில் வடாம் பிழிய விரிப்பாகும், நெற்கட்டு சுமப்பவரின் தலையில் சும்மாடாகும். நடவுக்கு இறங்கும் பெண்கள் வெயிலுக்காகப் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது புருஷனுடையதோ மகனுடையதோதான். பழம்புடவைகளை வரப்போரமாக வரிசையாகக் கட்டி மாட்டையும் பன்றியையும் மயிலையும் தடுக்கிறார்கள். இவற்றில் எதையும் யாரும் இயக்கம் என்று அழைத்ததில்லை. ஆனால் நகரத்து ஆடை வடிவமைப்பாளர்கள் இன்று மேம்படுத்திய மறுபயன்பாடு என்று பெயர் சூட்டி விற்பது இந்த அறிவின் ஒரு சிறு கிளைதான்.

வெட்டித் தைத்து உருமாற்றுவது துணியின் பழைய கதையை அழித்துவிடும் என்பதைப் பௌத்தத் துறவிகள் நன்கு அறிந்திருந்தார்கள். பிறர் எறிந்த துணியைத் துண்டுகளாக்கி, இணைத்து, சாயமேற்றிச் சீவரமாக உடுத்துவது அவர்களின் மரபு. மகத நாட்டு நெல்வயல்களையும் வரப்புகளையும் பார்த்து அந்தத் தையலின் அமைப்பை ஆனந்தர் வகுத்தார் என்று விநயபிடகம் சொல்கிறது. முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அதனால் வயலின் வரப்பைத் தையலாகக் கொண்ட அந்த உடை இந்தக் கரைக்கு அந்நியமானதும் அல்ல. சீனாவிலும் நூறு வீடுகளில் துண்டுத்துணி கேட்டு வாங்கி, குழந்தைக்குச் சட்டை தைத்து உடுத்தும் பழைய வழக்கம் உண்டு. பல வீடுகளின் வாழ்த்தும் குழந்தையைக் காக்கும் என்பது நம்பிக்கை. இரண்டிலும் துணி கேட்டோ எடுத்தோ வந்ததுதான். ஆனாலும் உடுத்துபவருக்கு அதனால் தாழ்வு வரவில்லை. பலரிடமிருந்து சிறு சிறு துண்டாக வந்து புது உருவம் எடுத்த பிறகு, கொடுத்தவர் என்று தனியாக ஒருவர் மிஞ்சுவதில்லை.

அடுத்தது வாணிகம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் குடமோ கொடுத்துப் போகும் வியாபாரிகளை டெல்டாவின் சிற்றூர்களும் அறியும். வட இந்தியாவில் இந்தப் பண்டமாற்றை ஆராய்ந்த மானிடவியலாளர் லூசி நோரிஸ், 2010இல் வெளிவந்த தம் நூலில், தில்லியின் நடுத்தர வீடுகளிலிருந்து புறப்படும் துணி வாக்ரி சமூகத்துப் பெண் வியாபாரிகளின் கை வழியே பழந்துணிச் சந்தைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகும் தடத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பரிமாற்றத்தின் நுட்பம், இரு தரப்பும் தாம் ஏமாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளப் பேரம் பேசுவதில் இருக்கிறது. பேரம் பேசும் இடத்தில் ஏற்றத்தாழ்வு முற்றிலும் மறைவதில்லை என்றாலும், கொடுப்பவர் கொடையாளி ஆகிவிட முடியாது. பட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 1955இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் அறியப்பட்டு, 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது திருபுவனம் பட்டு. அப்படிப்பட்ட நெசவூர்கள் சூழ்ந்த பகுதியிலேயே, பழைய பட்டு வெள்ளியின் எடைக்குத்தான் விலை போகிறது. ஜரிகையை எரித்து உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். நெசவாளரின் பல நாள் உழைப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்த இழப்பு பெரிதுதான். ஆனாலும் விற்பனைக்கு வந்த துணிமேல் யாருடைய பார்வையும் இழிவாக விழுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தெய்வத்தின் வழியாகக் கைமாறுவது இன்னொன்று. மாரியம்மன் கோயில்களில் பெண்கள் நேர்ந்துகொண்டு சாத்தும் புடவைகள் சேர்ந்ததும் கோயில் நிர்வாகம் ஏலம் விடும். அதில் எடுத்த புடவையைக் கட்டிக்கொள்ள வசதியான வீட்டுப் பெண்களும் விரும்புகிறார்கள். அந்தப் புடவையை வாங்கிச் சாத்தியது யார், எந்தச் சாதி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அம்மன் மேனியில் கிடந்தது என்பதே அதன் முகவரி. பட்டுக்குத் தீட்டு ஒட்டாது என்று ஆசாரமான குடும்பங்களில் நம்பியதும் இதோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. நூல் துணிக்கு இல்லாத சலுகை பட்டுக்குக் கிடைத்தது, அதனால் பட்டு தலைமுறை தாண்டியும் கைமாற முடிந்தது. ஆக, பிறர் உடுத்தியது என்ற ஒரே காரணத்துக்காக டெல்டா எந்தத் துணியையும் ஒதுக்கவில்லை. யார் வழியாக, எந்தத் தகுதியில் வந்தது என்றே கேட்டது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை நில உறவுகளில் இருக்கிறது. தஞ்சை மிராசு நிலங்களில் பண்ணையாளின் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அதோடு ஆண்டுக்கொரு முறை வேட்டியோ புடவையோ கிடைக்கும். 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் களப்பணி செய்த மானிடவியலாளர் காத்லீன் கஃப் விவரிக்கும் உலகில், கூலியும் கொடையும் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. எசமான் வீட்டில் கழித்துக் கட்டிய துணி பண்ணையாள் வீட்டுக்குப் போவதும் அந்தப் பின்னலின் ஓர் இழைதான். எதை உடுத்தலாம் என்பதும் அங்கே சாதியின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1930இல் அண்டைப் பகுதியான இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை மானிடவியலாளர் ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பவை அவற்றில் அடங்கும். இப்படிப்பட்ட ஒழுங்கில் மேலிருந்து வரும் பழந்துணி உடலை மறைத்ததோடு நிற்கவில்லை. உடுத்துபவரின் இடம் எது என்பதையும் ஊருக்கு அறிவித்தது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் முதலியோர் செங்கொடியின் கீழ் பண்ணையாட்களைத் திரட்டியபோது சாட்டையடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் ஒழிப்பதே முதல் முழக்கமாக இருந்தது. 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியைச் சட்டத்தின் கணக்குக்குள் கொண்டுவந்தது. கொடையாக வந்துகொண்டிருந்தது உரிமையாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் அரசியல் பொருள் விளங்கும். பொங்கலை ஒட்டி நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்குக் கிடைப்பது புத்தம் புதிய துணி. நெய்தவர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த நெசவாளி, கொடுப்பது அரசு, வாங்குவது உரிமை. துணியின் தரம் குறித்துக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதை வாங்க எசமான் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தத் திட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, தம் உழைப்பில் படகு ஓட்டி, மீனைத் தாமே ஏலம் விட்டு வாழ்ந்த கடலோர மக்கள்முன் முகம் தெரியாதவர்களின் அழுக்குத்துணி மூட்டைகள் அவிழ்க்கப்பட்டன. அவர்கள் மறுத்ததில் வியப்பதற்கு எதுவும் இல்லை. அந்தக் குவியல்களைத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கிய அமைப்புகளுள் ஒன்று, அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூஞ்ச். கிணறு தூர்வாருவது, பாதை போடுவது போன்ற ஊர்ப்பொது வேலையை மக்கள் செய்ய, அதற்கு ஈடாகத் துணி தரும் முறையை அது நாட்டின் பல பகுதிகளில் நடத்தி வருகிறது. துணி அதே பழந்துணிதான். ஆனால் கொடை என்ற பெயர் போய் உழைப்பின் ஈடு என்ற பெயர் வந்ததும் ஏற்கும் மனநிலை மாறிவிடுகிறது. 2015இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தபோது பாராட்டப்பட்டதும், கொடுக்கும் முறையில் அவர் கொண்டுவந்த இந்த மாற்றம்தான்.

இனி மறுப்புகளுக்கு வரலாம். பழந்துணிப் பயன்பாடு வறுமையின் விளைவு மட்டுமே என்பார்கள். அப்படியானால் அம்மன் புடவை ஏலத்தில் வசதியானவர்கள் ஏன் போட்டி போடுகிறார்கள்? பாட்டியின் பட்டைப் பாலிஷ் போட்டு வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் உடுத்துவது எப்படிப் பெருமையாகிறது? மறுபுறம், எல்லாம் இழந்த மீனவர் ஏன் மறுத்தார்? வறுமை எவ்வளவு தேவை என்பதைச் சொல்லும். எது ஏற்கத்தக்கது என்பதை அது தீர்மானிப்பதில்லை. சுகாதார வாதமும் நெடுந்தூரம் போகாது. கல்யாண வரவேற்புக்கு மாப்பிள்ளை போடும் கோட்டும் பள்ளி ஆண்டு விழாவுக்குக் குழந்தை உடுத்தும் நாட்டிய உடையும் டெல்டா நகரங்களின் வாடகைக் கடைகளிலிருந்து வருபவை. எத்தனை பேர் உடுத்தினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பூப்பு, பிள்ளைப்பேறு, சாவு நாட்களில் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் கொண்டுவந்த மாற்று, பல வீடுகளுக்கும் மாறி மாறிப் போன துணிதான். வெளுத்தால் துணி சுத்தமாகிவிடும் என்பதைச் சடங்கே ஏற்றுக்கொண்டது. அதே சடங்கு வெளுத்தவரைத் தாழ்த்தியே வைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. துணியின் அழுக்கைப் பற்றி இங்கு நடந்த பேச்சில் பெரும்பகுதி மனிதரின் தரத்தைப் பற்றிய பேச்சாகவே இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இன்னொரு மறுப்பு கனமானது. இளைய தலைமுறைக்கு இந்த வரலாறு எதுவும் பாரமில்லை, அவர்கள் கைபேசியிலேயே பழைய சட்டையை விற்று வாங்குகிறார்கள், ஆகவே உறவு, மானம் என்பதெல்லாம் கடந்த காலக் கணக்கு என்று சொல்லலாம். சீன நகரங்களின் அனுபவம் இதற்கு ஆதரவாகத் தோன்றும். பிறர் உடுத்தியதில், அதிலும் இறந்தவர் துணியாக இருக்குமோ என்ற அச்சத்தில், நீண்ட காலம் தயக்கம் நிலவிய நாடு அது. அலிபாபா நிறுவனம் 2014இல் தொடங்கிய சியான்யூ என்ற செயலி அங்கே பழம்பொருள் வாங்கி விற்பதை அன்றாடப் பழக்கமாக்கிவிட்டது. ஆனால் அந்தச் செயலி செய்தது என்ன? விற்பவரையும் வாங்குபவரையும் விலை பேசும் இரு தரப்பாக ஒரே மட்டத்தில் நிறுத்தியது. பொருளுக்குப் படம், விற்பவரின் நம்பகத்துக்கு மதிப்பீடு, பிடிக்காவிட்டால் வாங்காமல் போகும் உரிமை ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தன. கொடை என்ற உறவை அது அடியோடு நீக்கியது. டெல்டாவின் இளைஞர் இணையத்தில் பழைய ஜீன்ஸ் வாங்குவதும் இதே காரணத்தால்தான் சாத்தியமாகிறது. தன் தெருவின் பெரிய வீட்டிலிருந்து அதே ஜீன்ஸ் இலவசமாக வந்தால் அவர் வாங்குவாரா என்பதுதான் சரியான சோதனை. எனவே இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்காமல், அதற்கு இன்னொரு எடுத்துக்காட்டைத் தருகிறது.

ஆனால் என் வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. கைமாறும் முறையைச் சீர்செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது, துணியே மாறிவிட்டது. விளக்குத் திரி, கரித்துணி, குழந்தைத் துணி என்ற வரிசை முழுவதும் பருத்தியின் உறிஞ்சும் குணத்தை நம்பியது. பாலியெஸ்டர் புடவை விளக்குத் திரியாகாது, தண்ணீரைத் துடைக்காது, மண்ணில் மக்காது. வயல் வேலிக்குத்தான் அது உதவும், அங்கும் வெயிலில் நைந்து நுண்துகள்களாக மண்ணில் சேரும். ஆலை வழி மறுசுழற்சியும் இதற்கு எளிதில் கைகொடுப்பதில்லை. திருப்பூர் பனியன் வெட்டுக்கழிவு மேற்கு மாவட்டங்களின் ஓ.இ. (ஓபன் எண்ட்) நூற்பு மில்களில் மீண்டும் நூலாவது உண்மை. ஆனால் அது ஒரே நிறமும் ஒரே இழையும் கொண்ட, யாரும் உடுத்தாத கழிவு. பட்டனும் ஜிப்பும் கலப்பு இழையுமாக வீட்டிலிருந்து வரும் துணியைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக்கழிவு சேர்வதாகவும், அதில் ஏறத்தாழப் பாதி உள்நாட்டு மக்கள் உடுத்திக் கழித்ததாகவும் ஃபேஷன் ஃபார் குட் அமைப்பின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. டெல்டாவின் வீடுகள் காலங்காலமாகத் தாமே கரைத்து முடித்த பங்கு, இன்று அவற்றால் கரைக்க முடியாத பங்காக மாறி நகராட்சிக் குப்பைக்குப் போகிறது.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு மூன்று முடிவுகள் எழுகின்றன. பழந்துணியைத் திரட்டி ஏழைகளுக்கு வழங்கும் முகாம்கள், எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும், இந்த மண்ணில் தவறான வாசலில் நிற்கின்றன. அதே துணியைத் துவைத்து, பழுது பார்த்து, குறைந்த விலைக்கு விற்கும் கடை மானத்தைக் காக்கும். பத்து ரூபாயானாலும் விலை கொடுத்தவர் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உள்ளவர். இரண்டாவது, உருமாற்றத்தில் முதலீடு வேண்டும். இழை ஓட்டவும் ஒட்டுப் போடவும் தெரிந்த தையல்காரர்களும், தேர்ச்சீலைக்கும் தேரில் தொங்கவிடும் தொம்பைக்கும் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் கலைஞர்களும் இந்தப் படுகையில் இன்னும் இருக்கிறார்கள். உருக்கப் போகும் பட்டில் கரையையும் முந்தியையும் காப்பாற்றி வேறு உடையாக்கினால் நெசவாளரின் வேலைக்கும் விலை கிடைக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கம், பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட மஞ்சள் துணிப்பையை மதிப்புக்குரியதாக மீட்க முயல்கிறது. அந்தப் பைகளை மகளிர் குழுக்கள் பழைய பருத்தித் துணியிலேயே தைத்துத் தரலாம். மூன்றாவது, துணியை வாங்கும்போதே அதன் மறுவாழ்வைக் கேட்க வேண்டும். அரசு தரும் வேட்டி சேலையிலும் பள்ளிச் சீருடையிலும் பருத்தியின் பங்கைக் கூட்டுவது, எந்த மறுசுழற்சி ஆலையையும்விட அதிகத் துணியைக் குப்பையிலிருந்து காக்கக்கூடும். அதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. அந்தச் செலவை இன்று குப்பை அள்ளும் தொழிலாளரும் வயல் மண்ணும் நம் கணக்கில் வராமல் சுமக்கிறார்கள். அதைத் துணியின் விலையிலேயே சேர்த்துக் காட்டுவது நேர்மையான தொடக்கமாக இருக்கும்.